மூன்று நாள் அனுமதி

என் தங்கை வசந்திக்கு மார்பில் கட்டி என்ற செய்தி வந்தபோது நான் நோர்வேயின் பெர்கன் நகரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். கடைசித் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தேன். "அக்கா, நாகர்கோவில் டாக்டர் திருவனந்தபுரத்துக்குப் போகச் சொல்லுறார். நீ பயப்பிடாதை" என்று அவள் குரல் பதிந்திருந்தது. நோய் அவளுக்கு. பயப்பட வேண்டாம் என்ற ஆறுதல் எனக்கு.

தொண்ணூறாம் ஆண்டு அம்மாவிடம் இருந்த நகை ஒருத்தியை வெளிநாட்டுக்கு அனுப்ப மட்டுமே போதுமாயிருந்தது. மூத்தவள் என்பதால் என்னை அனுப்பினார். அம்மாவும் வசந்தியும் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் ஏறி ராமேஸ்வரம் பக்கம் இறங்கினார்கள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. இப்போது ஐம்பத்திரண்டு. இடையில் இருந்த எல்லா வருஷமும் கன்னியாகுமரி மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில். கல்யாணம், மகள், அம்மாவின் சாவு, புருஷனின் சாவு எல்லாம் அங்கேதான். நான் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். முகாமுக்குள் என்னை விடவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினேன்.

இந்த முறை ஐந்து வார விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டினார். பிறந்த இடம் என்ற வரியில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. "எப்போது நோர்வே போனீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். முத்திரை விழுந்தது. "வெல்கம், மேடம்." வெளியே வந்து மணியைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இலங்கையிலிருந்து தப்பி ஓடிய இரண்டு பெண்களில் ஒருத்தியை வரவேற்க இந்த நாட்டுக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது.

மற்றவளுக்காகத் தம்பானூர் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். பதினொரு மணிக்கு வரவேண்டிய நாகர்கோவில் பஸ் ஒரு மணியாகியும் வரவில்லை. பாலராமபுரத்தில் டயர் பஞ்சராகி, பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது பஸ்ஸில் வசந்தி வழி நெடுக நின்றுகொண்டே வந்திருக்கிறாள். நோயாளி என்று சொல்லி இடம் கேட்கக் கூடாதா என்றேன். "எல்லாரும் களைச்சுப் போய்த்தானே இருக்கினம்" என்றாள்.

என்னைக் கட்டிப்பிடித்தவள் உடனே பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் காட்டினாள். முகாமைவிட்டு வெளியே தங்குவதற்கான அனுமதி. "மூண்டு நாள் தந்திருக்கினம் அக்கா. கேட்டது பத்து. ஆனா மூண்டாவது தந்தினமே." அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

முதலில் சாப்பிடலாம் என்று எதிரே ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தோம். புட்டும் மீன் கறியும். இங்கே புட்டுக் குழாயில் அவித்து உருளையாகத் தள்ளுகிறார்கள். எங்கள் வீட்டில் பனையோலை நீத்துப்பெட்டியில் உதிரியாக அவிப்போம். வசந்தி உருளையைக் கையால் உடைத்து உதிர்த்து, கறியை ஊற்றிக் குழைத்து, "இப்ப எங்கட புட்டு" என்றாள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தாள். எனக்கு அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு லாட்ஜ். இரண்டு பேருக்கு என்று முன்பே சொல்லி வைத்திருந்த அறை. மேசையிலிருந்தவர் என் கடவுச்சீட்டை வாங்கிப் புன்னகையோடு ஒரு படிவத்தை நீட்டினார். வசந்தியின் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் அந்தப் புன்னகை போய்விட்டது. முகவரியில் இலங்கைத் தமிழர் முகாம் என்றிருந்தது.

"ஸ்ரீலங்கயாணோ? அப்ப ஃபாரினரல்லே. பாஸ்போர்ட், விசா வேணும்" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

"முகாமில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் எப்படி இருக்கும்? இதோ அனுமதிக் கடிதம்" என்றேன்.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். உள்ளே போய் யாரோடோ பேசிவிட்டு வந்தார். "மேடத்துக்கு ரூம் உண்டு. இவங்களுக்குத் தர ஒக்காது. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா எங்களுக்குப் பிரச்சினையாக்கும்."

"ஆதார் இருக்கிறதே?"

"ஆதார் இருந்தாலும் இந்தியன் இல்லயல்லே."

இந்தியராக இருந்தால் ஆதார் போதும். வெளிநாட்டவராக இருந்தால் கடவுச்சீட்டு வேண்டும். என் தங்கை இரண்டு வரிசையிலும் நிற்க முடியாதவள். அடுத்த லாட்ஜிலும் இதே பதில். மூன்றாவதில் கொஞ்சம் மரியாதையாக. நான்காவதில் அட்டையைத் தொடக்கூட இல்லை. ஒவ்வொரு படியிலும் வசந்தி முதலில் இறங்கினாள், பை தன் கையிலேயே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தபடி. என்னவென்று தெரியாத கட்டி ஒன்றை உடம்பில் வைத்திருந்த பெண்.

எங்களை லாட்ஜ் லாட்ஜாக ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரர் தாசன், பாறசாலைப் பக்கத்துத் தமிழர். ஐந்தாவது இடத்துக்குப் போகச் சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அக்கா, இனி லாட்ஜ் நோக்கண்டாம். எல்லாவனும் இதத்தான் பறயுவான். ஸ்ரீவராகத்துல ஒரு மாமி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாறவங்களுக்கு மாடி ரூம் கொடுக்கும். நான் கேட்டுப் பாக்கேன்."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிழக்கேகோட்டைப் பக்கம் திரும்பும்போது ஆட்டோ தண்ணீரில் இருமி நின்றேவிட்டது. தாசன் இறங்கித் தள்ள, நானும் இறங்கித் தள்ளினேன். முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவள் நான். எந்த வண்டியையும் இதுவரை தள்ளியதில்லை. வசந்தி உள்ளே உட்கார்ந்து அனுமதித் தாள் நனையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

ஸ்ரீவராகத்தில் கதவைத் திறந்த விசாலம் மாமிக்கு அறுபத்து மூன்று வயதிருக்கும். தலைமைச் செயலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி எங்களைப் பார்த்து, "வாங்கோ, நனைஞ்சுண்டு நிக்காதேங்கோ, உள்ள வாங்கோ" என்றார்.

வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரிலும் வாங்கோ என்றுதான் சொல்வார்கள்.

நான் எதையும் மறைக்கவில்லை. முகாம், அனுமதி, லாட்ஜ்காரர்கள் எல்லாவற்றையும் ஈர உடையோடு நின்றபடியே சொன்னேன். மாமி அனுமதித் தாளை வாங்கி, சேலைத் தலைப்பால் ஓரத்தை ஒற்றி, கடைசி வரிவரை படித்தார். "செரி. உங்களுக்குண்டான ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணித் தாங்கோ. இவாளோட பேப்பரை நகல் எடுத்து நாளைக்குக் காலம்பற நானே ஸ்டேஷன்ல கொண்டு குடுத்துடறேன். மறைச்சு வச்சாத்தான் தப்பாக்கும்" என்றார். பிறகு வசந்தியிடம், "ரசம் சாப்பிடுவியோன்னோ?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மாமி போய் வந்த அரை மணி நேரத்தில் ஓர் இளம் போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். நல்ல பிள்ளைதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். என் கடவுச்சீட்டைப் பார்த்து, நோர்வேயில் நர்ஸ் வேலைக்கு மலையாளிகளை எடுக்கிறார்களா, தன் மனைவி நர்ஸ் என்று மலையாளத்தில் விசாரித்தார். மாமி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அடுத்து போலீஸ்காரர் வசந்தியின் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இயக்கத்தில் இருந்தாயா என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றாள் வசந்தி, எழுந்து நின்று. பல வருஷப் பழக்கத்தில் வந்த பதில் அது. கேட்டவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. அவர் பிறப்பதற்கு முன்பே அவள் இந்த நாட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் பாதி நாள் போயிற்று. நாடு எது என்ற இடத்தில் ஸ்ரீலங்கா என்று சொன்னாள் வசந்தி. கடவுச்சீட்டு எண் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. மேசையிலிருந்த பெண் இரக்கப்பட்டு, "இந்தியன்னு போட்டுக்கட்டா? ஆதார் உண்டல்லோ" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை" என்று வசந்தி பதறிப்போனாள். "நாளைக்கு அதைப் பிடிச்சு, பொய் சொன்னாள் எண்டு கேஸ் போடுவினம்."

வேறு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மாடிக்கு. மாடியிலிருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் முதல் மேசைக்கே போகச் சொன்னார். அப்போதுதான் நான் வெடித்தேன். தமிழ், ஆங்கிலம், நடுவில் நோர்வே மொழியும் வந்ததென்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் வைத்திருந்த ஒருத்தியை யாரென்று சொல்ல ஓர் எண் இல்லாத நாடு என்ன நாடு என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி எழுந்து வந்தார்.

வசந்தி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, கத்தாதை. நீ கத்திப்போட்டு பிளேன் ஏறிப் போயிடுவாய். நான்தான் இஞ்சை இருக்கவேணும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு கடவுச்சீட்டு வேண்டியிருக்கிறது. கடைசியில் அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒருவர் வந்து, முகாம் கடிதத்தையே அடையாளமாக வைத்துக் கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். அன்றோடு மூன்று நாள் முடிந்தது. வசந்தி பஸ் ஏறினாள்.

முடிவு வருவதற்காக நான் ஸ்ரீவராகத்தில் காத்திருந்தேன். கோயில், அருங்காட்சியகம், கோவளம் எல்லாம் போகலாம் என்று தாசன் சொன்னார். எங்கும் போகத் தோன்றவில்லை. மாமி தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு அங்க எப்படி?"

சொன்னேன். நோர்வேயில் நான் இறங்கியபோது காலில் ரப்பர் செருப்பு. பனி. முதலில் ஒரு குளிர் அங்கியும் சப்பாத்தும் தந்தார்கள். பிறகு ஓர் ஊர் சபை என்னைப் பொறுப்பெடுத்தது. மொழி படிக்க அனுப்பினார்கள். முதல் வருஷம் ஒரு மனுஷரும் என்னோடு பேசவில்லை, அழுது அழுதுதான் படித்தேன். ஆனாலும் எட்டாம் வருஷம் என் கையில் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தது. இப்போது அங்கேயும் காலம் மாறிவிட்டது. என் பஸ் போகும் வழியில் ஓர் அகதி நிலையம் இருக்கிறது. ஆப்கானியரும் எரித்திரியரும் வருஷக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வரும். ஆனால் ஆமா, இல்லை என்று ஒரு பதில் சொல்கிறார்கள். என் தங்கைக்கு இந்த நாடு இன்னும் பதிலே சொல்லவில்லை. அகதி என்று ஒரு தனிச் சட்டம் இங்கே இல்லை. அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தர ஒரு சட்டம் போட்டபோது அதில் எங்கள் நாட்டின் பெயர் இல்லை. அவளுடைய மகள் இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்து, இன்னொரு முகாமுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளும் இலங்கைக்காரிதான். இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை.

மாமி துருவுவதை நிறுத்திவிட்டார்.

"நாங்களும் திருநெல்வேலியிலேந்து வந்தவாதான். ராஜா காலத்துல கோயில் காரியத்துக்குன்னு அழைச்சுண்டு வந்து, தெருவும் வீடும் குடுத்து உக்கார வச்சா. நீ யாரு, பேப்பர் எங்கன்னு எங்களை ஒருத்தரும் கேட்டதில்லை." தேங்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் சர்வீஸ்ல இருந்தப்போ இந்த மாதிரிக் கடுதாசி எத்தனையோ பாத்திருக்கேன். ரூல் இல்லேன்னு ஒரு வரி எழுதித் திருப்பிடுவேன். எழுதினப்புறம் அந்த மனுஷா எங்க போவான்னு ஒரு நாளும் யோசிச்சதில்லையாக்கும்" என்றார்.

சதைப் பரிசோதனையின் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, உடனே எடுத்துவிட்டால் பிழைக்க வைக்கலாம் என்றார் டாக்டர். அன்று பகலே மாமி மேசையைத் துடைத்து உட்கார்ந்து, டாக்டரின் கடிதத்தை இணைத்து, முகாமுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். இரண்டு பக்கம், அவர் செக்ஷன் ஆபீசராக எழுதிப் பழகிய ஆங்கிலம். மூன்று வாரம் கேட்டோம். ஏழு நாள் வந்தது.

மார்பு முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் அக்குளில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வசந்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்கு என்ன தேதி?"

முகாமில் செக்கிங் என்று ஒன்று உண்டு. குறித்த நாளில் அதிகாரி வந்து பெயர் பெயராகக் கூப்பிடுவார். ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயர் போய்விடும் என்ற பயம். அந்தச் செக்கிங், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐந்தாம் நாள் வந்தது. அவள் பக்கவாட்டில் ரத்தநீர் வடிக்கும் குழாய் இன்னும் இருந்தது. மாமி அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து, டாக்டர் கடிதத்தை அனுப்புகிறோம், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

"மேடம், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்க. ஆளப் பாக்காம நான் எப்படி டிக் அடிக்க முடியும்? மேல கேப்பாங்கல்ல?"

டாக்டர் திட்டிக்கொண்டே ஒரு நாள் வெளியே போக விட்டார். தாசன் தன் ஆட்டோவிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். குழியும் மேடுமான ரோட்டில் ஆட்டோ அவள் உடம்புக்கு ஆகாது. ஒரு வாடகைக் கார் பிடித்தோம். அது களியக்காவிளை தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. பிறகு பஸ்தான். குழாயின் பிளாஸ்டிக் குடுவையை ஒரு துணிப்பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தாள். யாரும் இடிக்காமல் நான் கையை அரண் போல வைத்துக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டார். என் வாழ்க்கையில் ஒரு பஸ் ஓட்டுநரை அப்படிச் சபித்ததில்லை.

வழக்கம்போல என்னை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். வேப்பமர நிழலில் ஒரு மேசை, நாற்காலி, அதிகாரி, பெரிய நோட்டு. வெயிலில் வரிசை. வசந்தி துணிப்பையோடு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒவ்வொருவராக விலகி அவளை முன்னே விட்டார்கள். ஒருத்தி குடை பிடித்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "இருக்கிறன் சார்" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி அப்போதுதான் அவளையும் பையையும் நிமிர்ந்து பார்த்தார்.

"அடடா, என்னம்மா இது, குழாயோட? இந்த நிலைமையில ஏன் வந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்திருக்கலாம்ல?"

அதே குரல். தொலைபேசியில் நான் கேட்ட அதே குரல். மனுஷர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தந்தார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டில் பொல்லாத மனுஷர் ஒருவரை நான் பார்க்கவில்லை. லாட்ஜ்காரர், போலீஸ்காரப் பிள்ளை, பதிவு மேசைப் பெண், இவர், எல்லோரும் நல்லவர்கள். இத்தனை நல்லவர்களும் சேர்ந்து ஒரு பெண்ணைக் குழாயோடு பஸ்ஸில் ஏற்றி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அவள்தான் இங்கே இருக்க வேண்டும்.

"பரவாயில்லை சார்" என்றாள் வசந்தி. நாற்காலியில் உட்காராமல் வந்துவிட்டாள்.

காயம் ஆறியதும் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். அத்தனை நாள் வெளியே தங்க அனுமதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பகலில் போய் இருட்டுவதற்குள் திரும்பினால் ஆட்சேபம் இல்லை என்று மட்டும் வாயால் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் விடிய எழுந்து நாகர்கோவில் வந்து, திருவனந்தபுரம் பஸ் பிடித்து, சில நிமிஷம் கருவிக்கு அடியில் படுத்துவிட்டு, மறுபடி அதே தூரம். முதல் நான்கு நாள் நானும் ஆஸ்பத்திரி வாசலில் அவளை எதிர்கொண்டு, மாமி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட வைத்து, பஸ் ஏற்றினேன். ஐந்தாம் நாள் என் விடுமுறை முடிந்தது. மீதி நாட்களில் அந்தச் சாப்பாட்டுப் பொதியைத் தாசன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கடைசி நாள் மாலை அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெர்கனில் நல்ல மழை. நான் வேலை முடிந்து, பஸ் கொட்டகையின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"முடிஞ்சுது அக்கா. இனிப் பயமில்லை எண்டு டாக்டர் சொன்னார். மூண்டு மாசத்தால ஒருக்காக் காட்ட வரவேணுமாம். ரெண்டு நாள் தங்கவேண்டி வரும்."

கடவுளே, நல்ல காலம், இப்போது போய்ப் படுத்து ஓய்வெடு என்றேன்.

"படுக்கத்தான் போறன். வரேக்கை அப்பிடியே ஆபீசில இறங்கி, அந்த ரெண்டு நாளுக்கு மனுக் குடுத்திட்டு வந்தனான்."

"மூன்று மாசத்துக்குப் பிறகுதானே?"

"இப்பவே குடுத்தாத்தான் அக்கா, ஒரு நாளாவது தருவினம்."